சாமியின் கன்னம்

“இன்னும் சொரசொரன்னுதானுங்க இருக்குது, மாஸ்டர்.”

முதலாளி துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சாய மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்கெனவே இரண்டு தடவை பயோ வாஷ் போட்டாயிற்று. திருப்பூரில் புத்தியுள்ள எவனும் ஒரே துணிக்கு இரண்டு தடவை போடமாட்டான். பூஞ்சையிலிருந்து எடுக்கிற என்சைம் அது. பருத்தியைத் தின்னும். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு முடியைத் தின்று முடித்ததும் துணி வழவழவென்று ஆகிவிடும். அந்த நேரம் பார்த்துச் சூட்டை ஏற்றி அதைக் கொன்றுவிட வேண்டும்.

விட்டால் நூலில் வாய் வைக்கும்.

முடி எது, நூல் எது என்று அதற்கு என்ன தெரியும்?

மெஷின் நிறைய, கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற துணி. இது பாழானால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் அவன் வேலையும் போச்சு.

“இதுக்கு மேல துணி தாங்காதுங்க சாமி,” என்றான். ஐயப்பனுக்கு மாலை போட்டதிலிருந்து பட்டறையில் எல்லோருக்கும் முதலாளி சாமிதான்.

“எங் கன்னம் பொய் சொல்லுமுங்களா?”

சொன்னதில்லை. அதுதான் எரிச்சலே. இத்தனை வருடத்தில் அந்தக் கன்னம் சரியென்று சொன்ன துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மெஷினைச் சந்தேகப்பட்டான். தண்ணீரைச் சந்தேகப்பட்டான். என்சைம் கேனைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தான். கடைசியில் தன் கைராசியையே சந்தேகப்பட்டான்.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இன்னொரு தடவை ஊற்றினான்.

துணி வெளியே வந்தது. காய்ந்தது. முதலாளி கன்னத்தில் வைத்து இழுத்தார். முகம் சுளித்தார்.

“ம்ஹூம். இன்னும் புடிக்குதுங்களே.”

வெடுக்கென்று துணியைப் பிடுங்கினான். தன் கன்னத்தில் வைத்தான். காலையில்தான் மழித்த கன்னம்.

வெண்ணெய்.

நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான்.

மாலை போட்ட நாளிலிருந்து கத்தி படாத தாடி. அதில் ஒரு பஞ்சு இழை சிக்கி, ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“சாமி...” என்று ஆரம்பித்தான்.



துணியைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரல், துணியைப் பொத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தது.