மாடி ஜன்னல் கண்ணாடி

பிலடெல்பியாவில் கதவைத் தட்டுகிறவர் யாரென்று மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ள, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும். டாமரிஸ் பென்னக் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கணவர் இறந்துவிட்டார், வீடு விற்றாயிற்று. குளிர்கால வெயில் கண்ணாடியில் பட்டு அவளுடைய கறுப்பு உடையின் மேல் வெள்ளைச் சதுரமாக நடுங்குகிறது. மடியில் கிடக்கும் கைகள் வேறு யாருடையவையோ போலிருக்கின்றன. கீழே ஓர் ஆள் கணவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைக் கதவிலிருந்து கழற்றுகிறான், திருகாணிகள் கிறீச்சிடுகின்றன. தகடு இருந்த இடத்தில் பச்சை வர்ணம் மங்கவே இல்லை. அதன் நடுவே, இவர்களுக்கு முன்னிருந்தவர்களின் சின்னத் தகடு விட்டுப்போன துளைகள். கல்யாணமாகி வந்த புதிதில், அவை மறையும்படி பெரிய தகடாகச் செய்யச் சொன்னவள் இவள்தான். இப்போது படியில் நிற்கும் இளம்பெண் கையுறைக் கையை விரித்து அந்த இடத்தை அளக்கிறாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக, என்று தன் கணவனிடம் விரல்களால் காட்டுகிறாள். அவன் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டுகிறான்.

“யாரும்மா அது?” கீழிருந்து வேலைக்காரி நோரா கத்துகிறாள். “திறக்கவா, இல்ல வழக்கம்போல நீங்க வீட்ல இல்லைன்னு புளுகவா?”

டாமரிஸ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“திற நோரா. வீட்டுக்காரங்க வந்திருக்காங்க.”