மூன்றாவது ஃபியூஸ்

காக்களூர் தொழிற்பேட்டைச் சாலையில், கார் செட் மாட்டும் கடை வாசலில், பானட்டைத் திறந்தபடி வெயிலில் நிற்கிறது மணவாளனின் வெள்ளைக் கார். பர்மா பஜாரில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் சிவப்பு ஒயர், அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்தது, பின்சீட்டின் கால்மிதிக்கு அடியில் ஓடுகிறது. கடைக்காரன் ஷாகிர் கருகிய ஃபியூஸைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறான். இது மூன்றாவது.

“இது ஊட்டுக்கு இழுக்கிற ஒயருண்ணா, மெலிசு. இதுக்குப் பெரிய ஃபியூஸு போட்டா ஃபியூஸு போவாது, ஒயருதான் எரியும். தடி ஒயரு மாத்திடலாம், ஒரு மணி நேரம் குடுங்க.”

“பள்ளிப்பட்டுல பொண்ணு அழைப்புக்கு நிக்கிறாங்க, நீ வேற பேஜாரு பண்ணிக்கினு.”

மணவாளன் சிகரெட் பெட்டிக்குள்ளிருந்து வெள்ளித்தாளைக் கிழிக்கிறார். எரிந்த ஃபியூஸின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பல சுற்று சுற்றி, அதன் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துகிறார். பாட்டு அலறுகிறது, டிக்கி அதிர்கிறது. நம்பர் பிளேட் கடகடவென்று ஆடுகிறது. ஷாகிரின் உதடுகள் அசைவது மட்டும் தெரிகிறது. பாட்டு முடியும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, மணவாளன் பானட்டை அடித்துச் சாத்துகிறார்.

பின்சீட்டில் அவர் மனைவி கல்பனா, கீழே நின்று ஆடிய குழந்தையைச் சட்டென்று தூக்குகிறாள். குனிந்து கால்மிதியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

“ஏங்க, கீழ இன்னா இப்பிடி சுடுது?”

“இந்த வெயில்ல சுடாம ஜில்லுனா இருக்கும்?”

கார் நகர்கிறது. அவள் பையிலிருந்து போர்வையை எடுத்து, நான்காய் மடித்து, அந்தக் கால்மிதியின் மேல் விரிக்கிறாள். குழந்தையை அதன்மேல் இறக்கி விடுகிறாள்.