பழைய பெயரில் ஒரு ஃபோல்டர்

"அண்ணா, ஒரு நிமிஷம் இங்க வாயேன். பெரிய தப்பு பண்ணிட்டேன்."

சர்வர் அறை வாசலில் நின்ற தங்கையின் முகம் வெளிறிக் கிடந்தது. அண்ணன் கைவேலையைப் போட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

அந்தக் கண் மருத்துவமனையின் சர்வருக்குள் தனித்தனிக் கணினிகளாக ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தி, அவற்றின் டிஸ்க் ஃபைல்களைப் பழைய ஸ்டோரேஜிலிருந்து புதியதற்குக் காலையிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார்கள் இருவரும். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "என் தங்கச்சி சார், கெட்டிக்காரி, நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டவன் இவன்.

"என்ன ஆச்சு, சொல்லு."

"பழைய ஸ்டோரேஜ்ல 'சோதனை'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. யாரோ எப்பவோ போட்டு மறந்த குப்பைன்னு நெனச்சு அழிச்சுட்டேன். இப்போ ஸ்கேன் படமெல்லாம் இருக்கற மெஷினை மாத்தலாம்னு பார்த்தா, அதோட டிஸ்க் ஃபைலே இல்லண்ணா."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஸ்கேன் படங்களுக்கான அந்த விர்ச்சுவல் மெஷின் முதலில் சோதனைக்காக உருவானதுதான். பிறகு அதற்கு ஒழுங்கான பெயர் வைத்தார்கள். ஸ்டோரேஜில் அதன் டிஸ்க் இருந்த ஃபோல்டர் மட்டும் பழைய பெயரிலேயே கிடந்தது. இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் விழுந்து எழுந்த பள்ளம் இது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலாவது அழிக்க விடாமல் முரண்டு பிடித்திருக்கும். மாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருந்ததால் சத்தமில்லாமல் போய்விட்டது. மூன்று வருடத்துக் கண் ஸ்கேன்கள்!

"திட்டித் தொலையேண்ணா. எனக்கு பயமா இருக்கு."

அவன் திட்டவில்லை. "வா, மேனேஜர்கிட்ட சொல்லிடுவோம்" என்றான்.

மேனேஜர் குதியோ குதியென்று குதித்தார்.

"வெளியில அறுபது பேர் கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. டாக்டர் பழைய ஸ்கேனைக் கேட்டா என் மூஞ்சியையா காட்டறது? நான் பொறுப்புன்னு சொன்னியேப்பா, இதுதான் உன் பொறுப்பா?"

அவன் தலை நிமிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போதும். இந்தப் பொண்ணு நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி ஆயிரம் காரியம் காத்திருந்தது. ஆனாலும் அவள் கெஞ்சியது தனக்காக அல்ல.

"என்னை அனுப்பிடுங்க சார். ஆனா அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. என்னால அவருக்குத் தலைகுனிவு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நானும் கண்ணை மூடிக்கிட்டு அழிச்சுடல சார். பேக்கப் நோட்டுல கையெழுத்து இருந்தாதான் எதையும் அழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? பார்த்தேன். இன்னைக்குக் காலையில கூட 'எல்லாம் எடுத்தாச்சு'ன்னு எழுதியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கை வெச்சேன்."

மேனேஜர் சட்டென்று அடங்கினார். போன உயிர் அவர் முகத்தில் திரும்பி வந்தது.

"அட, பேக்கப் இருக்கில்ல! பதட்டத்துல எனக்கு அது தோணவே இல்ல பாரேன். சரிம்மா, கண்ணைத் துடை. சொன்ன முறைப்படிதானே செஞ்சிருக்கே? நாளைக்கும் வா, நாளன்னைக்கும் வா. உன் அண்ணன் மாதிரி ஒருத்தன் இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

அவள் அழுகையும் சிரிப்புமாக அண்ணனைப் பார்த்தாள்.

"நீ போய் பேக்கப்பிலேருந்து அதைத் திரும்ப ஏத்திடுப்பா. ஒரு மணி நேரம் ஆகுமா?"

அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்னப்பா? அதான் தங்கச்சி வேலை தப்பிச்சுடுச்சே. இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கறே?"

"அவ மேல தப்பே இல்ல சார்" என்றான் அவன், தங்கையின் பக்கம் திரும்பத் துணிவில்லாமல். "பேக்கப் டிஸ்க் நிறைஞ்சுபோய் ஏழு மாசம் ஆச்சு. அன்னையிலேருந்து தினமும் நான் கையெழுத்து மட்டும்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."