கண்ணீர் வரவழைக்கும் பாட்டு

தொடர்கதை எழுத்தாளர் வழக்கம்போல் அதே பழைய பாட்டைப் போட்டார். பல்லவி முடிவதற்குள் கண் கலங்கியது. விரல்கள் கீபோர்டில் பறந்தன.

கையில் வார இதழோடு கதவருகே நின்ற மனைவி பொருமினாள். அவர் தொடரில் காதலனைப் பிரிந்த கதாநாயகிக்காக வாராவாரம் முதல் ஆளாக அழுகிறவளும் அவள்தான்.

"இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். இந்தப் பாட்டைக் கேட்டா யாரு ஞாபகம் வருது?"

"ஒரு டாக்டரம்மா."

"நினைச்சேன்! எப்போ?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. அவங்க ரூம் ரேடியோல இதுதான் ஓடிச்சு. இன்னும் மறக்க முடியல."

"அப்புறம் ஏன் பிரிஞ்சீங்க?"

"பிரியறதா? அவங்க பல் டாக்டர்! மரத்துப்போற ஊசி எனக்குச் சரியாப் பிடிக்கல. இந்தப் பாட்டு ஆரம்பிச்சு முடியற வரைக்கும் பல்லை இழுத்தாங்க. இப்பவும் கேட்டா தானா கண்ணுல தண்ணி வந்துடும். அந்தச் சூட்டோட சோகக் கட்டத்தை எழுதிடுவேன்."

அவள் தன் கண்ணீரில் ஈரமாயிருந்த வார இதழைப் பார்த்தாள்.

"அட மனுஷா! அப்போ ஆறு மாசமா நான் அழுததெல்லாம் உங்க கடைவாய்ப்பல்லுக்கா?"