முதல் விதி

“வந்தாச்சு சார். அந்தம்மா முன் வாசல் வழியா, அந்தாளு பின் வாசல் வழியா. இன்னிக்கும் அதே கதைதான்!”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துப்புரவு அக்கா காதோடு காதாகச் சொன்னாள். நூலகத்தின் இணைய அறைப் பொறுப்பாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை ‘சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். சுவரில் தொங்கும் விதிப் பலகை முழுக்க அவருடைய கைவண்ணம்.

ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒரு நாற்காலியில் ஒருவர். விசைகளை மெல்லத் தட்டவும். எந்தத் திரையையும் பொறுப்பாளர் எப்போது வேண்டுமானாலும் பார்ப்பார். இவை எல்லாவற்றுக்கும் மேலே முதல் விதி, சிவப்பில், கொட்டை எழுத்தில்: ‘வாயைத் திறந்தால் வெளியே!’

அந்த அம்மாள் மூன்றாம் எண் கணினியில் உட்கார்ந்தாள். அந்த ஆள் நான்காம் எண்ணில். நடுவே ஒரு தடுப்புப் பலகை.

ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் இவள் தட்டி நிறுத்தினால் அவன் தட்டுகிறான், அவன் நிறுத்தினால் இவள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தை வியாபாரிகள் தோற்றார்கள்.

“எத்தனை நாளா நடக்குதுக்கா?”

“மாசம் ஒண்ணாச்சு சார். ஒருநாள் அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் போகும், அந்தாளு இளிச்சுக்கிட்டே போவான். மறுநாள் பார்த்தா அந்தம்மா மூஞ்சியில பல்பு எரியும், அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவான். காதல்னா அப்படித்தான் சார், ஏத்தமும் இறக்கமுமா இருக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்லயும் டிவி இருக்குது சார்.”

சட்டத்துக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. போன வருடம் இதே அறையில் இரண்டு பேர் இப்படித்தான் தட்டிக்கொண்டே இருந்து, ஒருநாள் சேர்ந்து ஓடிப்போனார்கள். இரண்டு குடும்பமும் நூலக வாசலில் நின்று போட்ட கூச்சலில், படிக்க வந்தவர்கள் எல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா ரூமைப் பூட்டிருவேன். உங்களைக் கீழே பழைய பேப்பர் கிடங்குக்கு மாத்திருவேன்” என்று தலைமை நூலகர் அன்றைக்கே சொல்லிவிட்டார். கிடங்கில் ஜன்னல் கிடையாது. எலி உண்டு.

டொக்!

மூன்றாம் எண்ணில் என்டர் விசை தெறித்துத் தரையில் உருண்டது. போன வாரம் நான்காம் எண்ணிலும் இப்படித்தான் ஆனது.

“மட்டமான சரக்கை வாங்கித் தலையில கட்டிட்டானுங்க” என்று முணுமுணுத்தபடி, அதைப் பொறுக்கிக் கொடுக்கிற சாக்கில் சட்டம் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் அவசரமாகக் கையை வைத்துத் திரையை மறைத்தாள். ஆனாலும் நான்காம் எண் அனுப்பியிருந்த ஒரு வரி தப்பவில்லை.

‘உன்னைப் பார்த்த நாள்லேருந்து என் தூக்கம் போச்சு.’

போதாதா? “ரெண்டு பேரும் என் மேஜைக்கு வாங்க” என்று கிசுகிசுத்தார். விதி அவருக்கும் சேர்த்துத்தான்.

இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அக்கா, ஏற்கனவே பளபளத்த தரையை அவர்கள் காலடியில் மறுபடியும் பெருக்க ஆரம்பித்தாள்.

“கார்டை எடுங்க. ரத்து பண்ணப் போறேன்.”

“சார், சார், அது மட்டும் வேண்டாம்” என்று அந்த ஆள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “இந்த இடமும் இல்லேன்னா நாங்க நடுத்தெருவுலதான் சார் நிக்கணும்.”

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் சட்டம். “இந்த வயசுல வெக்கமா இல்ல? தோளுக்கு மேல வளர்ந்த புள்ளைங்க இருக்குமே!”

“ரெண்டு இருக்கு சார்” என்றாள் அவள்.

“ரெண்டுதான் சார்” என்றான் அவன்.

சட்டம் தொலைபேசியை முன்னால் இழுத்தார். “உங்க வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லும்மா. நான் பேசிக்கிறேன்.”

“அதுக்கு எதுக்கு சார் போனு? இதோ, முழ நீளத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாரே!”

அக்காவின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. சட்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, இருவரையும் புதிதாகப் பார்த்தார்.

“அப்புறம் எதுக்குய்யா ஆளுக்கொரு வாசல்?”

“ஒண்ணா வந்தா வழியிலேயே ஆரம்பிச்சிருது சார்.”

“இந்தத் தட்டுறதை செல்போன்ல தட்டிக்கக் கூடாதா?”

“ரெண்டு கட்டைவிரலை வெச்சுக்கிட்டு இவளுக்குப் பதில் சொல்லி மாளாது சார். பத்து விரலும் வேணும்.”

“சரிப்பா, வாயின்னு ஒண்ணு இருக்குல்ல? வீட்டுலயே உக்காந்து பேசித் தொலைக்க வேண்டியதுதானே?”

“இனிமே உங்க வீட்டுலேருந்து சத்தம் வந்தா அன்னிக்கே காலி பண்ணணும்னு வீட்டு ஓனர் சொல்லிட்டார் சார்.”

அவள் திரும்பி, பலகையின் சிவப்பு எழுத்துக்கு நேராக விரலை நீட்டினாள்.

“வாயைத் திறக்காம சண்டை போட வேற இடம் ஏது சார்?”