கோழி சொன்ன பதில்

வைக்கோல் கொட்டகையில் ஒரு பழைய ஜீப் கிடந்தது. விளக்குகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதால் அதற்குப் பார்வை கிடையாது. அதன் இருக்கையில் அடைகாத்த கோழிதான் அதற்குக் கண்.

ஒரு நாள் பழைய வண்டி வாங்கி விற்கும் ஜெபசிங் வந்தார்.

"என்ன செய்கிறார்?" என்றது ஜீப்.

"உன் அடியில் படுத்துத் துருவைச் சுரண்டுகிறார். ஏதோ எண் தெரிகிறது."

"அது என் சேசிஸ் எண். பிறந்தபோதே அடித்தது."

"அசல் ராணுவ ஜீப்பேதான்!" என்று கத்தினார் ஜெபசிங்.

ஜீப்புக்குச் சிலிர்த்தது. "கேட்டாயா? என்னை அடையாளம் கண்டுகொண்டார். இனி நான் மலையேறுவேன்."

கோழி அலகால் முட்டைகளைப் புரட்டிவிட்டது. அதன் அக்காவையும் கறிக்கடைக்காரர் ஒருவர் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல கோழி என்றுதான் சொன்னார்.

மறுநாள் ஜெபசிங் கேஸ் கட்டரோடு ஓர் ஆளைக் கூட்டிவந்தார். எண் இருந்த உள்ளங்கையளவு இரும்பை மட்டும் வெட்டியெடுத்து, வாசலில் நின்ற வேறொரு ஜீப்பில் பற்றவைத்தார்கள். வாங்க வந்தவரிடம், "அசல் ராணுவ ஜீப் சார், கொட்டகையில் கிடந்தது," என்றார் ஜெபசிங்.

"என்னைத்தான் சொல்கிறார்!" என்றது ஜீப்.

வாசலில் எஞ்சின் உறுமியது. வண்டி கிளம்பிப் போனது. மிச்சத்தைத் துண்டு போட, கட்டர்காரர் மட்டும் உள்ளே திரும்பினார்.

"கிளம்பிவிட்டேனா? எங்கே போகிறேன்?"

கோழி முட்டைகளை விட்டு இறங்கியது.

"மலைக்கு," என்றது.