சத்திரத்துப் பூட்டு

மதியத்திலேயே மரக்காணம் உப்பளத்தின் மேல் வானம் கறுத்துக் கிடக்கிறது. முதல் இடி கேட்டதும் மண்வெட்டிகளைப் பாத்தியிலேயே வீசிவிட்டு ஓடிவந்த ஆராயியும் வினோதினியும் ரோட்டோரத்துப் பழைய சத்திரத்தின் முன்னால் நிற்கிறார்கள். இந்த வெட்டவெளியில் கூரை என்று இருப்பது இது ஒன்றுதான். வழிப்போக்கர்களுக்காகத் திறந்தே கிடந்த வாசலில், புராதனச் சின்னம் என்று பலகை மாட்டியபோது வைத்த கம்பிக்கதவு. ஆடுகள் நுழையாமலிருக்க அதை உள்ளிருந்து பூட்டிவைத்த காவல்காரர் ஏசுராஜ் இப்போது சாவியைத் திருகுகிறார். உப்புக்காற்றில் துருவேறிய பூட்டு இன்றைக்குப் பார்த்து இறுகிவிட்டது. பெண்கள் கதவைத் தொடவில்லை. எட்டத்தில், தனித்தனியாக, காதைப் பொத்திக்கொண்டு குந்துகிறார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் பாத்தித் தண்ணீர் வெளுத்து அணைகிறது.

"இரும்பப் புடிச்சிக்கினு நிக்காதீங்கண்ணே, உள்ள ஓடுங்க!" ஆராயி கத்துகிறாள்.

"இரும்மா, அசையுது. தோ, தெறந்துடும்."

"நாங்க எப்படியோ போறோம், கைய எடுங்கண்ணே!"

அவர் மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகுகிறார். பாத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளுக்கின்றன. கம்பியைச் சுற்றிய அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இடிச் சத்தம் இன்னும் வரவில்லை.